காப்பது எதை?

அசகாய சூரர்களின் திரைப்படங்களை நாம் விரும்பிப் பார்க்கிறோம். இலக்கியம் பேசுகிறவர்களுக்கு இது தகுமா என்று முகம் சுளிக்கும் அன்பர்கள் உண்டு. சுளிக்கட்டும். 2008-இல் ‘அயர்ன் மேன்’ தொடங்கி 2019-இல் ‘எண்ட்கேம்’ வரை மார்வெல் நிறுவனம் ஒரே கதைச் சரடில் கோத்த 22 படங்களையும் நாம் பார்த்திருக்கிறோம். இங்கே, உக்குவளைத் தோட்டப்புறத்து இளைஞர்களும் அவற்றையே கைபேசியில் பார்க்கிறார்கள். மக்கள் இத்துணை விரும்பும் ஒன்றை இகழ்ந்து ஒதுக்குவது முற்போக்கு ஆகாது; ஆராய்வதே கடமை.

இப்படங்களில் வியப்பு இருக்கிறது. தீமை தோற்க வேண்டும் என்ற ஆவலும் இருக்கிறது. இரண்டும் நல்லவையே. நம் குறை வேறு. ஊர் இடிந்து விழும்போது வீரன் வந்து காக்கிறான். அவன் காப்பது எதை? நேற்றிருந்த உலகத்தை, நேற்றிருந்தபடியே. அதை மாற்ற வேண்டும் என்று எவன் சொல்கிறானோ, அவனே பெரும்பாலும் வில்லன்.

ஷங்கரின் ‘2.0’ (2018) படத்தில், கைபேசிக் கோபுரங்களால் பறவைகள் மடிகின்றன என்று பட்சிராஜன் மன்றாடுகிறார். செவிசாய்ப்பார் இல்லை. கோபுரத்திலேயே தூக்கிட்டு மாள்கிறார். அவர் கூற்றுக்கு விஞ்ஞானச் சான்று போதாது என்பது வேறு செய்தி. பறவைகளுக்காக அழுத அந்த முதியவரைக் கதை கொலைகாரப் பூதமாக்கி வீழ்த்துவதே நம்மை உறுத்துகிறது.

அதே ஆண்டில் வந்த ‘பிளாக் பேந்தர்’ இன்னும் கூர்மையானது. செல்வம் கொழிக்கும் வகாண்டா நாடு, உலகெங்கும் ஒடுக்கப்பட்ட கறுப்பின மக்களுக்கு ஏன் கைகொடுக்கவில்லை? இதைக் கேட்பவன் வில்லனாகிய கில்மாங்கர். அவன் மாண்டபின் அரசனே வகாண்டாவின் கதவைத் திறக்கிறான். கேள்வி வென்றது, கேட்டவன் மட்டும் சாக வேண்டியிருந்தது!

தொடக்கம் இப்படியன்று. ஜெரி சீகல், ஜோ ஷூஸ்டர் என்ற இரு இளைஞர்கள் படைத்த சூப்பர்மேன் 1938-இல் அச்சேறினான். அவ்வாண்டுக் கதை ஒன்றில், பாதுகாப்பற்ற சுரங்கத்தின் முதலாளியை அவனுடைய விருந்தினரோடு அதே சுரங்கத்துக்குள் அடைபடச் செய்கிறான் அவ்வீரன். தொழிலாளி படும் பாட்டை முதலாளி தன் உடலால் உணர்கிறான். நியாயமான கேள்வி அன்று வீரனிடம் இருந்தது. படைத்த இருவரோ அப்பாத்திரத்தின் உரிமையை 130 டாலருக்கு விற்றுவிட்டு, பின்னர் நெடுங்காலம் வழக்காடினார்கள். கேள்வி கைமாறியதில் வியப்பென்ன?

நம் ஊரையே எடுத்துக்கொள்வோம். பொல்கொல்லையில் மறிக்கப்பட்ட மகாவலி நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே வந்து, உக்குவளை மின்நிலையத்தில் 1976 முதல் மின்சாரமாகிறது. அம்மலையைத் துளைத்தது தனியொரு வீரனின் முஷ்டியன்று. பெயர் தெரியாத பலருடைய உழைப்பு. நாட்கூலி ஆயிரம் ரூபாய் வேண்டும் என்ற தோட்டத் தொழிலாளரின் குரல் ஆண்டுக்கணக்கில் ஒலித்து, 2021-இல்தான் வர்த்தமானியில் ஏறியது. வானத்திலிருந்து எவரும் இறங்கி வந்து அதை வாங்கித் தரவில்லை.

கேட்பவன் கெட்டவன் என்று திரையில் பார்த்துப் பழகும் லயத்துப் பிள்ளை, கூலிக்காக வேலைநிறுத்தத்தில் நின்ற தன் தாயை எந்தக் கண்ணால் பார்ப்பான்? நம் கவலை இதுவே. பறக்கும் வீரர்கள் பறக்கட்டும். அடுத்த படத்தையும் நாம் பார்ப்போம். வில்லனிடம் கொடுத்துவிட்ட கேள்வியை வீரனிடமே திருப்பிக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறோம்.