மலைவிடர்ச் சுற்றுவழி

வழிநடத்தல் இருவகைப்படும். ஓரிடத்தினின்று பிறிதோரிடத்தை அடைதற்பொருட்டு நடத்தல் ஒன்று. புறப்பட்ட இடத்திற்கே மீளுமாறு ஒன்றனைச் சூழ்ந்து நடத்தல் மற்றொன்று. முன்னதன்கண் பயன் வழியின் முடிவில் இருத்தலின், நடப்போன் வழியைச் சுருக்க விழைகின்றான். பின்னதன்கண் தொடக்கமும் முடிவும் ஓரிடமே ஆகலின், பயன் முழுவதும் வழியிலேயே பெறப்படுதல் வேண்டும். திருக்கோயிலை நாள்தோறும் வலம்வரும் அன்பர்க்கு இவ்வேறுபாட்டை விரித்துரைத்தல் மிகையாம். கடல்கடந்த நாடொன்றில் ஒரு மலைவிடரினுள் அமைந்த சுற்றுவழியின் இயல்பும், அதன்கண் நடப்போர் மேற்கொள்ளற்பாலதாகிய ஒழுக்கமும் ஈண்டுச் சிறிது ஆராயப்படும்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சார்ந்த அரிசோனாவின் வடபகுதியில் ஃபிளாக்ஸ்டாஃப் என்னும் நகரம் உளது. அது ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில், பைன் மரக்காட்டின் நடுவே அமைந்தது. அதற்குக் கிழக்கே 10 மைல் அளவிற் சென்றால், சமநிலமாய்க் கிடக்கும் காடு கண்முன்னே பிளந்து, ஏறத்தாழ 350 அடி ஆழமுள்ள விடர் ஒன்று தோன்றும். அடித்தலத்தில் வளரும் வால்நட் மரம்பற்றி அதனை வால்நட் விடர் என வழங்குவர். சிற்றாறு ஒன்று பன்னெடுங்காலம் பாறையை அறுத்து ஓடியமையால் உண்டாயது இவ்விடர். ஓரிடத்தில் அவ்வாறு பெரிதும் வளைந்து சென்றமையின், மூன்று புறமும் பள்ளஞ் சூழ ஒரு பாறைமேடு தீவுபோல் நிற்கின்றது. அதனைச் சூழ்ந்து செல்லும் வழிக்குத் தீவு என்னும் பொருள்பட ஐலண்டு வழி என்பது பெயர். அதன் நீளம் ஒரு மைலே. ஆயினும் அதனை அடைதற்கு 185 அடி ஆழம் படிகளால் இறங்குதல் வேண்டும். மீளுங்கால் அவ்வளவும் ஏறுதல் வேண்டும்.

மலையேறுவோன் தன் வலியை முதலிற் செலவிட்டு, எளிதாய் இறங்கி மீள்கின்றான். விடரில் இறங்குவோனோ எளியதனை முன்னர் நுகர்ந்து, அரியதனைப் பின்னர் இறுக்கின்றான். இறங்கும்போது தன் வலிமையைப்பற்றி அவனுக்கு உண்டாகும் மதிப்புப் பெரும்பாலும் பொய்யே. உயர்ந்த நிலத்தில் காற்று மெல்லியதாகலின், சமநிலத்தில் ஒரு மைல் நடந்து பழகியவனும் அப்படிகளில் மூச்சு வாங்குவன். ஆற்றாதார்க்கு விடரின் விளிம்பிலேயே முக்கால் மைலுக்குச் சிறிது குறைந்த வேறொரு வழி அமைத்துள்ளனர். தன் வலியறிந்து அவ்வழியே சென்று மேலிருந்து கண்டு மீள்வதும் இழுக்கன்று.

படிகளில் இறங்குவோன் காலத்தினுள்ளும் இறங்குகின்றான் எனலாம். மேலடுக்காகிய சுண்ணப்பாறை ஏறத்தாழ 27 கோடி ஆண்டுகட்கு முன் கடலடியிற் படிந்தது. கடல்வாழ் உயிர்களின் ஓடுகள் இன்றும் அதனுட் காணப்படும். அதன்கீழ்க் கிடப்பது மணற்பாறை. காற்றுக் கொணர்ந்து குவித்த மணற்குன்றுகளின் சாய்ந்த வரிகள் கல்லாய் இறுகிய பின்னும் அழியாது தோன்றுகின்றன. சுற்றுவழியிற் செல்லச்செல்ல மரஞ்செடிகளும் வேறுபடும். வெயில் நேர்படும் தென்முகச் சரிவில் கள்ளியும் யக்காவும். நிழல் தங்கும் வடமுகச் சரிவில் குளிர்நாட்டுக்குரிய ஃபர் மரங்கள். ஒரு மைல் தூரத்துள் பாலைநிலத்தினின்று பனிமலைக்குச் சென்று மீண்டாற்போலும்.

இவற்றினும் சிறந்த காட்சி ஆங்குள்ள வீடுகளே. சுண்ணப்பாறையின் அடுக்குகளுள் மென்மையானவை கரைந்து உள்வாங்க, வன்மையானவை தாழ்வாரம்போல் முன்னே நீண்டு நிற்கின்றன. அம்முழைகளில் 1100 முதல் 1250 வரையுள்ள காலத்தில் ஒரு குடியினர் வீடு சமைத்து வாழ்ந்தனர். கூரையும் பின்சுவரும் பாறையே. எஞ்சிய சுவர்களைச் சுண்ணக்கல் அடுக்கிக் களிமண் பூசி எழுப்பினர். வாயில்கள் மிகச் சிறியன. குனிந்தே புகுதல் வேண்டும். வாயிலுக்கு மேலே புகைபோக ஒரு துளை விட்டனர். வாயிலின் வழியே குளிர்காற்றுப் புகுந்து தீயை வளர்க்க, புகை மேற்றுளையால் வெளிப்படும். அவர்தம் அடுப்புப்புகையின் கரி இன்றும் பாறைமுகட்டில் படிந்துளது. இத்தகைய அறைகள் 25 ஐலண்டு வழியை ஒட்டியே உள்ளன. அம்மக்கள் விடரின் மேல்விளிம்பில் சோளமும் அவரையும் பூசணியும் பயிரிட்டனர். மழைநீரை மறித்து வயலில் நிறுத்தச் சிறு கல்லணைகள் கோலினர். தொலைவிலுள்ள கடலின் சங்குகளையும் பஞ்சவர்ணக்கிளியின் இறகுகளையும் பண்டமாற்றாற் பெற்றனர்.

அக்குடியினர்க்கு ஆராய்ச்சியாளர் இட்ட பெயர் சினாகுவா என்பது. நீரில்லாதது என்னும் பொருளுடைய ஸ்பானியச் சொற்களிலிருந்து வந்தது அது. நீரில்லாதவர் எனப் பெயர்பெற்ற அவர்க்கு விடரின் அடியில் ஆறு ஓடியது. நாகரிகம் மிக்கதாகக் கருதப்படும் பிற்காலத்திலோ, 1905-ம் ஆண்டில் மேல்பால் அணை கட்டப்பட்டமையின், அவ்வாறு பெரும்பாலும் வறண்டே கிடக்கின்றது. பெயர் இட்டவர் காலத்துக்கே பெயர் பொருந்துவதாயிற்று.

1882-ம் ஆண்டில் ஃபிளாக்ஸ்டாஃபிற்குப் புகைவண்டி வந்தது. அதன்பின் விடரைக் காணவந்தோர் கண்டதோடு அமையவில்லை. வீடுகளின் தளத்தைத் தோண்டினர். வெளிச்சம் வேண்டியும் தோண்டுதல் எளிதாதற்பொருட்டும் சுவர்களை இடித்தனர். பானைகளையும் நெய்பொருள்களையும் நினைவுப்பொருள் என்று கொண்டேகினர். அறுநூறு ஆண்டுக்கு மேலாகப் பனியும் மழையும் செய்யாத அழிவை இருபது முப்பது ஆண்டுகளில் மனிதர் செய்தனர். இதனைக் கண்டு வருந்திய நகரத்தார் சிலர் முயன்றமையின், 1906-ம் ஆண்டின் தொன்பொருட் சட்டத்தின்படி, 1915-ம் ஆண்டு நவம்பர் 30-ம் நாள் குடியரசுத்தலைவர் உட்ரோ வில்சன் அவ்விடத்தை நாட்டின் நினைவுச்சின்னமாக அறிவித்தார். 1979-ம் ஆண்டுச் சட்டம் அத்தகைய நிலங்களிலிருந்து தொன்பொருளை உரிமையின்றி எடுத்தலைத் தண்டத்துக்குரிய குற்றமாக்கியது.

அவ்வீடுகளைப் பாழ்மனை என்று கருதுதல் பொருந்தாது. அரிசோனாவில் இன்றும் வாழும் ஹோப்பி மக்கள் அங்கு வாழ்ந்தோரைத் தம் முன்னோர் என்பர். ஹிசத்ஸினோம், பண்டைமக்கள், என அவரைக் கூறுவர். தம் குலங்கள் நாற்றிசையும் பெயர்ந்து சென்று, இறுதியில் உரிய நடுவிடத்தை அடைந்து தங்கின என்பதும், பெயர்ந்த வழியெல்லாம் விட்டுவந்த ஊர்களும் பானையோடுகளும் தம் முன்னோரின் அடிச்சுவடுகள் என்பதும் அவர் கொள்கை. ஆகவே, அவர்க்கு ஓர் ஓட்டுத்துண்டும் பயனற்ற பொருளன்று. இவ்வழியே இன்னார் சென்றார் என்பதற்குச் சான்று அது.

இதனை உணர்ந்தார் செயல் எத்தன்மையதாகும் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி கூறலாம். எழுபது யாண்டு கடந்த முதியவர் ஒருவர், மூச்சுத்தளர்ச்சி உடையவர், பேரனுடன் அவ்வழியில் இறங்கினார். இனி ஒருமுறை இறங்குதல் தமக்கு இயலாது என்பதை அவர் அறிவர். சிறுவன் காணவேண்டும் என்னும் விருப்பமே அவரை நடத்தியது. சுற்றி முடித்து, இடையிடையே அமர்ந்து இளைப்பாறிப் பாதிப் படிகள் ஏறினர். அப்போது சிறுவன் பையினின்று நகத்தளவினும் சிறிது பெரிய ஓட்டுத்துண்டு ஒன்றனை எடுத்து, “தாத்தா, இதனைப் பாருங்கள். எத்தனையோ கிடக்கின்றன, ஒன்று போனால் யாருக்குத் தெரியும்?” என்று மகிழ்ந்து காட்டினான்.

முதியவர் அதனைக் கையில் வாங்கி நெடிது நோக்கினார். அதனைச் செய்தவரின் விரற்பதிவு போலும் ஒரு குழிவு அதன் புறத்தே இருந்தது. அவர் சினந்திலர். “குழந்தாய், நம் வீட்டில் நாம் இல்லாத வேளையில் ஒருவன் புகுந்து, உன் பாட்டியார் புழங்கிய கிண்ணத்தை எடுத்துச் சென்றால், கிண்ணங்கள் பல உண்டே என்று நீ இருப்பாயோ?” என்று மட்டும் வினவினார். சிறுவன் தலைகவிழ்ந்தான். மேலேயுள்ள காவலரிடம் கொடுத்துவிடலாம் என அவன் கூற, “கொடுக்கலாம், ஆனால் இது கிடந்த இடம் அவர்க்குத் தெரியாது. உனக்கன்றோ தெரியும்” என்றார் அவர். பாறையோரத்தில் சிறுவனைத் தனியே விடுதல் தகாமையின், அரிதின் ஏறிய படிகளை முதியவர் மீளவும் இறங்கினார். ஓடு எடுத்த இடத்திலேயே வைக்கப்பட்டது. மீண்டும் ஏறுதற்கு அவர்க்கு முன்னையினும் இருமடங்கு நேரமாயிற்று. சிறுவன் தண்ணீர்க்குடுவையைத் தான் சுமந்து, அவர் அமருந்தோறும் ஒன்றும் பேசாது உடனமர்ந்தான். இறங்கி ஏறிய அவ்வருத்தத்தால் அவன் கற்றது, எவ்வளவு அறிவுரை கூறினும் கற்பிக்கலாகாதது.

அறிந்தார் இல்லாதவிடத்தும் பிறர்பொருளைப் பிறர்பொருளாகவே பேணுதல்தான் ஒழுக்கத்தின் உரைகல். வீட்டுக்குரியார் எழுநூறு ஆண்டுகட்கு முன் நீங்கினர். காவலர் எவ்விடத்தும் நில்லார். ஓட்டுத்துண்டுக்கு விலையும் இல்லை. அச்சமும் ஊதியமும் இரண்டும் இல்லாத அவ்விடத்தில் ஒருவன் செய்வது எதுவோ, அதுவே அவன் இயல்பு. ஆதலின், இத்தகைய வழிகளிற் செல்வோர் தம் மூச்சின் அளவறிந்து இறங்குக; நீர் கொண்டு செல்க; பழஞ்சுவரிற் சாயாதிருக்க; வாயிலிற் குனிந்து நோக்குங்கால், பிறர் இல்லத்தினுள் நோக்குகின்றோம் என்னும் நாணத்தோடு நோக்குக; கிடந்தது கிடந்தவாறே இருக்க விடுக. கண்டதனை உள்ளத்திற் கொண்டுவருதற்குத் தடையில்லை; அதனால் ஆங்குள்ளது குறைவதுமில்லை.