விடியலில் கொம்பனித்தெரு

குழந்தை வயிற்றில் இருந்தபோது தாத்தாவுக்குச் சீனி கூடியது. பிள்ளை பிறந்ததும் இறங்கிவிட்டது. ஆனாலும் பிற்காலத்தில் அது திரும்பி வரக்கூடும் என்றும், கிழமைக்கு 150 நிமிடமாவது உடம்பை அசைக்க வேண்டும் என்றும் கிளினிக்கில் சொல்லி அனுப்பினார்கள். எங்கள் வாப்பும்மா கால் விரல்களை இழந்தது இதே வருத்தத்தால்தான். அதனால் அந்த 150ஐ வீட்டில் யாரும் இலேசாக எடுக்கவில்லை.

"தனியப் போக ஏலா. தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு, வெளிச்சம் வந்த பொறகு போங்கொ" என்றார் உம்மா. ஓட்டம் என்றாலே ஓடி ஒளிகிற எனக்கு அன்றிலிருந்து தூக்கம் போனது.

முதல் நாள் மலே வீதியில் நாங்கள் ஓடவில்லை, ஒளிந்துகொண்டு போனோம் என்பதுதான் உண்மை. திறீவீலர் தரிப்பிடம் வந்ததும் நடப்போம், தாண்டியதும் ஓடுவோம். நீண்ட சட்டையும் ஸ்கார்ஃபும் போட்ட இரண்டு பேர் சப்பாத்து சத்தம் கேட்க ஓடினால் ஊர் பார்க்காமல் இருக்குமா? ஒழுங்கை முனையில் அப்பம் சுடும் உம்மா ஒருவர் கரண்டியோடு எழும்பியே விட்டார். "எனத்தியன் மகள், யாரும் வெரட்டுறாங்களா?" தாத்தா சிரித்த சிரிப்பில் அன்றைய ஓட்டம் அதோடு முடிந்தது.

பிறந்ததிலிருந்து இந்த ஊரில்தான் இருக்கிறேன். ஆனால் ஸ்கூல் வேனின் ஜன்னலால் பார்த்த ஊர் வேறு. ஜாவா ஒழுங்கை, ரைபிள் வீதி என்ற பெயர்களை விலாசமாக மட்டுமே அறிந்திருந்தேன். மூச்சு வாங்க நின்ற இடங்களில்தான் பெயர்ப்பலகைகளை ஒழுங்காக வாசித்தேன். ஒல்லாந்தர் காலத்தில் ஜாவாவிலிருந்தும் சுற்றியுள்ள தீவுகளிலிருந்தும் வந்த மலாயர்களின் தெருக்கள் இவை. ஆங்கிலேயர் காலத்தில் அவர்களில் பலர் சிலோன் ரைபிள் படையில் சிப்பாய்களாக இருந்தார்கள். வேகந்த பள்ளிவாசல் 1786இல் கட்டப்பட்டது. அதற்கு முன்னால் எத்தனையோ தரம் போயிருக்கிறேன். அந்த ஆண்டை ஒருநாளும் கவனித்ததில்லை.

பேரை வாவிக்கரைதான் எங்கள் திரும்புமிடம். தண்ணீர் பச்சையாக நாறும். கூழைக்கடாக்களுக்கு அது பொருட்டில்லை. தாமரைக் கோபுரத்தின் நிழல் ஆடும் நீரிலேயே மீன் தேடும். ஒல்லாந்தர் தங்கள் அடிமைகளை இந்தப் பக்கம்தான் அடைத்து வைத்திருந்தார்களாம். தப்பி ஓடாதபடி வாவியில் முதலைகள் இருந்தனவாம். தாத்தாவிடம் சொன்னேன். "அப்ப நமக்கும் ரெண்டு முதலை ஈந்தா நல்லம், நீ இன்னும் கொஞ்சம் வேகமா ஓடுவாய்" என்றார்.

திரும்பி வரும்போது தகர வேலி அடித்த ஒரு காணியருகே தாத்தா ஒவ்வொரு நாளும் நிற்பார். களைப்பு என்று நினைத்திருந்தேன். மூன்றாவது கிழமைதான் கேட்டேன். அவருடைய வகுப்புத் தோழியின் வீடு அங்கேதான் இருந்ததாம். பெருநாளைக்குப் புட்டும் பாபத்தும் அந்த வீட்டிலிருந்துதான் எங்களுக்கு வரும். வீடுகளை உடைத்த பிறகு அவர்களுக்குத் தூரத்தில் மாடி வீடு ஒன்று கிடைத்தது. வேலிக்கு மேலால் தெரியும் மாமரம் அவர்களுடையது. அதன் பின்னால் கண்ணாடிக் கட்டிடம் ஒன்று உயர்ந்து நிற்கிறது. இத்தனை நாளும் எனக்கு அது மட்டும்தான் தெரிந்தது.

"அவள் எங்க இப்ப?"

"தெரியா. போன் நம்பரும் மாறிட்டு."

அதற்குமேல் நான் கேட்கவில்லை. தாத்தா சப்பாத்து நாடாவை அவிழ்த்து மறுபடியும் கட்டினார். அது அவிழ்ந்திருக்கவில்லை.

நேற்று அவருக்குச் சீனி பார்க்கும் நாள். வெறும் வயிற்றோடு கிளினிக் போக வேண்டியிருந்ததால் நாங்கள் ஓடவில்லை. இன்று காலை அப்பக்கார உம்மா தூரத்திலேயே கையை உயர்த்தினார்.

"நேத்து எங்க ரெண்டு பேரும்? எவ்வளவு நேரம் பாத்துக்கொண்டு ஈந்த!"

தாத்தா நின்று அவருக்கு எல்லாவற்றையும் சொல்லத் தொடங்கினார். ரிப்போர்ட் வர வெள்ளிக்கிழமை ஆகும் என்றும் சொன்னார். "துஆ செய்றன் மகள்" என்றபடி அவர் அப்பத்தைப் புரட்டி எடுத்தார். நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். இந்தக் கிழமைக்கு இன்னும் 40 நிமிடம் பாக்கி இருந்தது.