இருபது கை நட்சத்திரம்

முன்பெல்லாம் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து ஒலிம்பிக் தேசியப் பூங்காவின் கரையில் கடல் நன்றாக வற்றிய காலைகளில் பாறை இடுக்குகளை எட்டிப் பார்த்துக்கொண்டே நடப்போம். செகண்ட் பீச்சிலும் ரியால்டோவிலும் ஊதாவும் ஆரஞ்சுமாக நட்சத்திர மீன்கள் ஒன்றன்மேல் ஒன்று அப்பிக் கிடக்கும். அவற்றுக்கும் கீழே, தண்ணீர் முழுதும் வடியாத குழிகளில், சூரியகாந்தி நட்சத்திர மீன் இருக்கும். அதற்கு இருபதுக்கு மேலும் கைகள் இருப்பதுண்டு, விரித்தால் முறம் அகலம். அடியில் ஆயிரக்கணக்கான உறிஞ்சு கால்கள். அது நகர்ந்தால் பக்கத்து நத்தைகள் பதறி விலகும்.

தூத்துக்குடியில் சங்கும் சிப்பியும் பார்த்து வளர்ந்த அப்பா, இங்கே வந்திருந்தபோது அதன் முன்னால் குந்தியவர் நெடுநேரம் எழவே இல்லை. "பாத்து வாலே, மிதிச்சிராத" என்று என்னை அதட்டினார்.

மலையும் கடலும் ஒரே வேலிக்குள் இருக்கும் இடம் இந்தப் பூங்கா. காலையில் பனியாறு தெரியும் மேட்டில் நின்றுவிட்டு, ஆண்டுக்கு மூன்றரை மீட்டர் மழை கொட்டும் ஹோ காட்டில் நனைந்து, சாயங்காலம் பசிபிக்கில் கால் நனைக்கலாம். 1909இல் தியோடர் ரூஸ்வெல்ட் இந்த மலைகளைக் காப்பில் வைத்ததே எல்க் மான்களுக்காகத்தான். 1938இல் தேசியப் பூங்காவானது. கடற்கரை 1953இல் சேர்ந்தது.

பூங்காவாகும் முன்பே இங்கிருந்து அழிந்துபோன உயிர்களும் உண்டு. ஓநாய்களை 1920களுக்குள் கொன்று தீர்த்தார்கள். இன்றுவரை அவை திரும்பவில்லை. ரோமத்துக்காக அழித்த கடல் நீர்நாய்களுக்குப் பதிலாக 1969லும் 1970லும் அலாஸ்காவின் அம்சிட்கா தீவிலிருந்து 59 நீர்நாய்களைக் கொண்டுவந்து விட்டார்கள். அலைக்கு அப்பால் மல்லாந்து மிதப்பவை அவற்றின் வம்சம். எல்வா ஆற்றை நூறாண்டாக மறித்த அணைகளை 2011 முதல் 2014க்குள் உடைத்ததும் சால்மன் மறுபடி மலையேறியது. துப்பாக்கியும் அணையும் செய்த கேட்டில் ஒரு பகுதியையாவது மனிதர்கள் பாடுபட்டுத் திருத்தினார்கள். அந்தப் பாட்டை நான் மதிக்கிறேன்.

நட்சத்திர மீனுக்கு வந்த சாவு வேறு வகை. 2013 ஜூனில் முதலில் கவனித்ததே இந்தக் கரையில்தான். உடம்பில் வெள்ளைப் புண் வரும். கைகள் முறுக்கிக்கொள்ளும். பிறகு ஒரு கை உடம்பை விட்டுக் கழன்று, தனியே ஊர்ந்து போகும். சில நாளில் மிச்சமும் கூழாகிவிடும். அலாஸ்காவிலிருந்து மெக்சிகோ வரை பரவிய அந்த நோயில் சூரியகாந்தி நட்சத்திரங்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் போயின. அடுத்த ஆண்டுகளில் கடல் சூடேறியது நிலைமையை இன்னும் கெடுத்தது.

பூங்காவுக்குச் சற்று வடக்கே மக்கா வளைகுடாவில், சூழலியலாளர் ராபர்ட் பெய்ன் 1960களில் ஆய்வுக்காகப் பாறையிலிருந்து ஊதா நட்சத்திரங்களைப் பிடுங்கிக் கடலில் வீசிக்கொண்டே இருந்தார். பாறையைச் சிப்பி ஒன்றே பிடித்துக்கொள்ள, மற்ற உயிர்கள் ஒதுங்கின. ஓர் உயிர் போனால் எத்தனை சரியும் என்று உலகுக்குக் காட்டிய கரை அது.

ஊதாக்கள் பல இடங்களில் மறுபடி தலைகாட்டுகின்றன. சூரியகாந்தி வரவில்லை. "அந்தப் பூ மீனு இருக்கா?" என்று அப்பா போனில் கேட்பதுண்டு. என் மகள் அதைப் படத்தில்தான் பார்த்திருக்கிறாள்.

நோய்க்குக் காரணம், காலரா கிருமியின் பேரினத்தைச் சேர்ந்த விப்ரியோ பாக்டீரியா ஒன்று என்று 2025இல் கண்டுபிடித்துவிட்டார்கள். வாஷிங்டனின் ஃப்ரைடே ஹார்பர் ஆய்வுக்கூடத்தில் சூரியகாந்தி நட்சத்திரக் குஞ்சுகளை வளர்க்கிறார்கள். நீங்கள் அந்தப் பக்கம் போனால், கடல் வற்றும் நேரம் பார்த்துப் போங்கள். பல கைகளோடு ஒன்று கண்ணில் பட்டால் தொடாமல், இடத்தைக் குறித்துப் பூங்கா ஊழியர்களிடம் சொல்லுங்கள். இன்றைக்கு அதில் ஒவ்வொன்றும் கணக்கு.