பூட்டு ஊருக்கு, சாவி வீட்டுக்கு

ரகசியமாக எழுதுவது பழைய வித்தை. சீசர் எழுத்துக்களை மூன்று இடம் தள்ளி எழுதினார் என்றுதான் பாடப்புத்தகங்கள் ஆரம்பிக்கும். அதை விடுங்கள். உண்மையான தலைவலி வேறு. சாவியை எப்படிக் கொண்டு சேர்ப்பது? பெட்டியைப் பூட்டித் தபாலில் அனுப்பலாம். சாவியையும் அதே தபாலில் அனுப்பினால் பூட்டியதற்கு என்ன அர்த்தம்? ராணுவங்களும் தூதரகங்களும் ஆள் வைத்துத்தான் சாவியைக் கொண்டுபோய்க் கொடுத்தன.

இங்கிலாந்தின் செல்டன்ஹாமில், ஜிசிஹெச்க்யூ என்ற அரசு உளவு அமைப்பில் வேலை பார்த்தவர் ஜேம்ஸ் எல்லிஸ். இரண்டாம் உலகப்போர் கால அமெரிக்க அறிக்கை ஒன்று அவர் கண்ணில் பட்டது. போன் பேச்சை ஒட்டுக்கேட்பதைத் தடுக்க, கேட்பவரே லைனில் இரைச்சலைக் கலந்துவிடலாம் என்பது அதிலிருந்த யோசனை. கலந்தவருக்குக் கழிக்கவும் தெரியும். பேசுபவருக்கு எந்த ரகசியமும் தெரிய வேண்டியதில்லை! அப்படியானால், பெறுபவரே பூட்டைச் செய்து கொடுத்துவிட்டால் சாவி அவர் கையை விட்டுப் போகவே வேண்டாமே? எழுத்துக்கும் இது சாத்தியம் என்று 1970-ல் எழுதிக் கொடுத்தார் எல்லிஸ். ஆனால் பூட்டைச் செய்யும் கணக்கு மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை.

1973-ல் அங்கே புதிதாகச் சேர்ந்த கிளிஃபோர்ட் காக்ஸ் அதை ஒரே மாலையில் கண்டுபிடித்தார். அப்போது வயது 22 (இங்கே பலர் அரியர் எழுதும் வயது). அலுவலக விஷயத்தை வீட்டில் எழுதக்கூடாது என்பதால் எல்லாம் மனக்கணக்கு. 61-ஐ 53-ஆல் பெருக்கினால் 3233, சுலபம். 3233-ஐக் கொடுத்து, எந்த இரண்டு பகா எண்கள் என்று கேட்டால் கொஞ்சம் திணற வேண்டும். 600 இலக்க எண் என்றால் கம்ப்யூட்டரே திணறும். பெருக்கி வந்த விடையை வைத்துப் பூட்டை ஊருக்கே கொடுக்கலாம். அந்தப் பகா எண்கள்தான் வீட்டில் இருக்கும் சாவி.

முன்பின் பார்க்காத வங்கி சர்வரோடு நெட் பேங்கிங்கில் ரகசியம் பேச முடிவது இந்த யோசனையால்தான்.

ஆனால் செல்டன்ஹாம் எல்லாவற்றையும் ஃபைலில் போட்டுப் பூட்டியது. 1976-ல் அமெரிக்காவில் டிஃபியும் ஹெல்மனும் இதே யோசனையைத் தாங்களாகவே கண்டுபிடித்து வெளியிட்டார்கள். 1977-ல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் மூவரும் காக்ஸின் கணக்குக்கே வந்து சேர்ந்தார்கள். அதுதான் ஆர்எஸ்ஏ. 1983-ல் காப்புரிமையும் கிடைத்தது. ரகசியம் காப்பது உளவுத்துறையின் தொழில், சரி. உலகமே தெரிந்துகொண்ட பிறகும் இருபது வருஷம் வாயைக் கட்டியதில் யாருக்கு என்ன லாபம்?

1997 டிசம்பரில்தான் காக்ஸ் மேடையேறி உண்மையைச் சொல்ல அனுமதி கிடைத்தது. எல்லிஸ் அதற்கு முந்தைய மாதம் இறந்துபோயிருந்தார்.