ஆணியைப் பிடுங்கும் முன்

டயரில் ஆணி ஏறியிருப்பதைப் பார்த்தால் எல்லோருக்கும் கை பரபரக்கும். உடனே பிடுங்கிப் போட வேண்டும்! எங்கள் கடைக்கு வேலை பழக வரும் பையன்களுக்கு முதலில் சொல்லிக் கொடுப்பதே அந்தக் கையை அடக்கத்தான். டியூப்லெஸ் டயரில் ஓட்டை போட்டதும் ஆணிதான், அதை அடைத்துக்கொண்டு நிற்பதும் அதே ஆணிதான். டயரின் உள்பக்கம் பியூட்டைல் ரப்பரில் மெல்லிய படலம் ஒன்று உண்டு. காற்றைக் காப்பது அதுதான். அந்த ரப்பர் ஆணியை இறுகக் கவ்விக்கொள்வதால் காற்று மெதுவாகவே கசியும். காற்றை நிரப்பிக்கொண்டு நிதானமாகப் பக்கத்து ஊர்வரை வந்துவிடலாம். கையில் பஞ்சர் கிட் இல்லாமல் பிடுங்கினால் வண்டி அங்கேயே உட்கார்ந்துவிடும்.

விழுப்புரம் பக்கம் நெடுஞ்சாலை ஓரத்தில் எங்கள் கடை. ஒரு காலத்தில் மாட்டு லாட ஆணிதான் எங்களுக்குப் படியளந்தது. இப்போது லாரி பாடியிலிருந்து உதிர்ந்த ஸ்க்ரூ, வெல்டிங் துண்டு, வெடித்த லாரி டயர் சிதறவிட்டுப் போன கம்பி இழை. பெரும்பாலும் பின் டயரில்தான் ஏறும். தரையில் படுத்துக் கிடக்கும் ஆணியை முன் டயர் தட்டி எழுப்பிவிடும். பின்னால் வருவது அதன் மேல் ஏறும்.

ஆணி கண்ணுக்குத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. தெரியாவிட்டால் காற்றை நிறைய ஏற்றி, சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்க்க வேண்டும். தரையில் படும் பட்டனில் மட்டும் தேடினால் போதாது. வால்வு வாயில் ஒரு சொட்டு, டயரும் ரிம்மும் சேரும் விளிம்பில் ஒரு சுற்று. வால்வு பின் தளர்ந்தோ, பள்ளத்தில் விழுந்து ரிம் நெளிந்தோ காற்று இறங்கும் வண்டிகள் நிறைய. அதேபோல பட்டனில் தெரியும் எல்லா ஸ்க்ரூவும் உள்ளே போயிருக்காது. குட்டை ஸ்க்ரூ பட்டன் ரப்பரிலேயே நின்றிருக்கும். குமிழி வராவிட்டால் அங்கே வேலை இல்லை, காசும் இல்லை.

பிடுங்கும்போது ஆணி எந்தச் சாய்வில் இறங்கியிருக்கிறது என்று பார்த்துக்கொள்வேன். ஓட்டையை அடைக்கும் ஸ்ட்ரிப்பைப் போடுவதில் பாதி நுணுக்கம் இந்தச் சாய்வில் இருக்கிறது. பட்டனுக்கு அடியில் எஃகு இழைகள் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு அடுக்கு ஓடுகின்றன. ஆணி போன வழியிலேயே, ஓட்டையைத் தயார் செய்யும் ரீமரை விட்டால் அந்த இழைகள் மேலும் அறுபடாது. நேராகக் குத்தினால் பக்கத்தில் இன்னொரு பாதை வெட்டும். ஒரு ஓட்டை இரண்டாகும். ரீமரை முறுக்கி ஏற்றி இறக்குவது ஓட்டையைப் பெரிதாக்க அல்ல. அறுந்த இழை முனைகளை மழுக்கவும், ஸ்ட்ரிப் பிடிக்கும்படி ரப்பரைச் சொரசொரப்பாக்கவும்தான். இதை அவசரமாகச் செய்தால், மழுங்காத முனை பிறகு ஸ்ட்ரிப்பையே அரித்துவிடும்.

ஸ்ட்ரிப் என்பது நூல் இழையை வேகாத ரப்பரில் ஊற வைத்தது. ஊசிக் கண்ணில் பாதி பாதியாகக் கோத்து, சொல்யூஷன் தடவி, வெளியே இரண்டு வாலும் அரை அங்குலம் நிற்கும்வரை அழுத்த வேண்டும். பிறகு ஊசியைத் திருகாமல் ஒரே இழுப்பில் உருவ வேண்டும். கண்ணின் பிளவு வழியே ஸ்ட்ரிப் கழன்று உள்ளே நிற்கும். வாலை இழுத்துப் பிடித்துக்கொண்டு நறுக்கக் கூடாது. இரண்டு மூன்று மில்லிமீட்டர் விட்டு நறுக்கினால் ஓட்டத்தில் தானே தேய்ந்து சமமாகும். மறுபடி சோப்புத் தண்ணீர். காற்று எவ்வளவு என்று கடைக்காரனைக் கேட்க வேண்டாம். டிரைவர் கதவைத் திறந்தால் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் உங்கள் வண்டிக்கான அளவு இருக்கிறது.

இவ்வளவும் கை வேலை. பழகினால் யாருக்கும் வரும். எங்கே போடக் கூடாது என்று சொல்வதுதான் கஷ்டம்.

"அண்ணே, சைடுல சின்ன ஓட்டைதான். சும்மா ஒரு ஸ்ட்ரிப் போட்டு விடுங்க, ஊர் போய்ச் சேந்துடுறேன்."

"சைடுல போட மாட்டேன் தம்பி. ஸ்டெப்னிய மாட்டித் தர்றேன், அதுல போங்க."

சிலர் முறைத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போவார்கள். டயரின் பக்கச் சுவரில் எஃகுப் பட்டை கிடையாது. நூல் இழைகள்தான் பாரத்தைத் தாங்குகின்றன. சக்கரம் ஒவ்வொரு முறை சுற்றும்போதும் அந்தச் சுவர் மடங்கி நிமிர்கிறது. ஆடிக்கொண்டே இருக்கும் இடத்தில் எந்த அடைப்பும் நிலைக்காது. பட்டன் முடிந்து சுவர் தொடங்கும் தோள்பட்டைக்கும் இதே கதைதான். 6 மில்லிமீட்டருக்கு மேல் விரிந்த ஓட்டை, கத்தி போட்டதுபோன்ற கிழிசல், அருகருகே இரண்டு ஓட்டை, பட்டன் 1.6 மில்லிமீட்டருக்குத் தேய்ந்த டயர், இவற்றிலும் கை வைப்பதில்லை.

காற்றில்லாமல் ஓட்டிக்கொண்டு வந்த டயர் இவை எல்லாவற்றையும்விட ஆபத்தானது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. கழற்றினால் உள்ளே கறுப்புத் தூள் கொட்டும். சுவர் ரிம்முக்கும் ரோட்டுக்கும் இடையே நசுங்கி அரைபட்டதன் தூள் அது. அதற்கு ஸ்ட்ரிப் போட்டு நூறில் ஓட்டினால் சுவர் வெடிக்கலாம்.

வெளியிலிருந்து போடும் ஸ்ட்ரிப்பை நான் அரை வேலை என்று சொல்வது இதனால்தான். டயரின் உள்ளே பார்க்காமல் போடுவது அது. அமெரிக்க டயர் உற்பத்தியாளர் சங்கமும் ஸ்ட்ரிப் மட்டும் போட்டதை முறையான பழுதுபார்ப்பாக ஏற்பதில்லை. டயரைக் கழற்றி, உள்ளிருந்து மஷ்ரூம் பேட்ச் போட வேண்டும் என்கிறது. மஷ்ரூமின் தண்டு ஓட்டையை நிரப்பும், குடை உள்படலத்தை மூடும். தண்ணீர் இறங்கி எஃகு இழை துருப்பிடிக்காமல் தண்டு காக்கும். நம் ஊரில் ஒரே ஸ்ட்ரிப்போடு டயரின் ஆயுள் முழுக்க ஓட்டுகிறவர்கள் ஏராளம். பெரும்பாலும் தாங்கத்தான் செய்கிறது. ஆனால் உள்ளே பார்க்காமல், தாங்கும் என்று நம்பி நான் வண்டியை அனுப்புவதில்லை.

டியூப்லெஸ் டயர், காற்றழுத்தம் காட்டும் கருவி, பஞ்சர் கிட் மூன்றும் இருந்தால் 3.5 டன் வரையுள்ள பயணிகள் வண்டிக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020-ல் மத்திய அரசு விதியைத் திருத்தியது. எனவே கிட் கையாள்வது இனி வண்டி வைத்திருக்கும் எல்லோருக்கும் தேவை. பழைய டயர் ஒன்று வாங்கி வீட்டில் இரண்டு முறை குத்திப் பழகுங்கள். சாலையில் போட வேண்டி வந்தால் சாலை ஓரத்திலிருந்து நன்றாக விலகி, சமதரையில், ஹேண்ட் பிரேக் போட்டுச் செய்யுங்கள். போட்டபின் வேகத்தைக் குறையுங்கள். மறுநாள் காலை, வண்டியை எடுக்கும் முன் காற்றைப் பாருங்கள். அந்த வாரத்துக்குள் ஒரு கடையில் டயரைக் கழற்றி உள்ளே பார்க்கச் சொல்லுங்கள். கடைக்காரர் சைடில் ஸ்ட்ரிப் போட மாட்டேன் என்றால் கோபப்படாதீர்கள். அடுத்த முறையும் அவரிடமே போங்கள்.