சிவப்புக் கோடு

நமக்கு ஊர் திருவதிகை. அப்பருக்குச் சூலை நோய் தீர்ந்த ஊர். வெளியே தெரியாத வலிக்குப் பேர் போன இடம்னு வச்சுக்கங்க :-)

அப்பா நெய்வேலியில் வெல்டிங் இன்ஸ்பெக்டர். வீட்டுக்கு வரும்போது விரலெல்லாம் சிவப்புச் சாயமா இருக்கும். இரும்பை நல்லா சுத்தம் பண்ணி அந்தச் சாயத்தை அடிச்சு, பத்து நிமிஷம் ஊற விடணும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் சாயம் அதுக்குள்ள இறங்கிவிடும். மேலே இருப்பதைத் துடைத்துவிட்டு வெள்ளை டெவலப்பர் அடித்தால், விரிசல் சிவப்புக் கோடாகக் கசிந்து வரும். அந்தக் காலத்து ரயில் பட்டறைகளில் எண்ணெயில் ஊறவைத்துச் சுண்ணாம்பு பூசிப் பார்த்ததும் இதே வித்தைதான்.

"துணியில நனைச்சுத்தான் துடைக்கணும்டா. க்ளீனரை நேரா பீய்ச்சுனா விரிசல்ல இருக்கறதும் கழுவிக்கிட்டுப் போயிடும். அப்புறம் ஓட்டை இரும்பும் பாஸ்தான்" என்பார்.

போன மாசம் ரிலீஸ் அவசரத்தில், அடிக்கடி ஃபெயில் ஆன ஒரு டெஸ்ட்டைத் தூக்கிவிட்டேன். ரிப்போர்ட் முழுக்கப் பச்சை. மூணாம் நாள் ராத்திரி கஸ்டமருக்கு ஒரே பில் ரெண்டு தடவை போயிருக்கு...

அப்பாவிடம் போனில் சொன்னேன். திட்டவில்லை.

"நேரா பீய்ச்சிட்டியா?" அவ்வளவுதான் கேட்டார்.

டெஸ்ட்டைத் திரும்பப் போட்டுவிட்டேன். இப்போ சிவப்பாத்தான் இருக்கு. சரி பண்ணிட்டுத்தான் தூங்கணும்.