இப்போதைக்குக் கடைசி

1989 கோடை. முழுப்பரீட்சை லீவுக்குக் கோவில்பட்டியில் மாமா வீட்டுக்குப் போயிருந்தோம், நானும் அக்காவும். வாயேஜர் 2 விண்கலம் நெப்டியூனை நெருங்குகிறது என்று பேப்பரில் போட்டிருந்தது. கடைசிக் கிரகமான புளூட்டோவுக்கு ஏன் போகவில்லை என்று கேட்டேன்.

“இப்போதைக்குக் கடைசி நெப்டியூன்தான் மருமகனே” என்றார் மாமா.

பாடப்புத்தகத்தில் அப்படி இல்லையே! மாமா பதில் சொல்லாமல் எங்களைப் பின்வாசலுக்குக் கூட்டிப்போனார். மண்தரையில் ஒரு முளை அடித்தார். அது சூரியன். 150 கோடி கிலோமீட்டருக்கு ஒரு முழம் என்று கணக்கு. அந்தக் கணக்கில் பூமி, முளையிலிருந்து மூன்று விரல் தள்ளி. நெப்டியூனுக்கு மூன்று முழத்தில் ஒரு வட்டம். பிறகு இரண்டு முழம் தள்ளி இன்னொரு முளை. எட்டு முழத்துக்குச் சற்றுக் குறைந்த சணலின் இரு நுனிகளையும் முளைகளில் கட்டி, அதை விறைப்பாக இழுத்தபடியே குச்சியால் கீறிக்கொண்டு வந்தார். புளூட்டோவின் பாதை ஒரு பக்கம் ஐந்து முழம் விலகிப் போனது. மறுபக்கம் நெப்டியூன் கோட்டுக்கு உள்ளே, ஒரு விரல் அகலம் நுழைந்து வெளியேறியது. அந்த ஒரு விரலைக் குனிந்து குனிந்து பார்த்தேன். 1979இல் உள்ளே வந்தது, 1999 வரை அங்கேதான் இருக்கும் என்றார். சூரியனை ஒருமுறை சுற்ற அதற்கு 248 வருஷம். அது உள்ளே இருக்கும் இருபது வருஷத்துக்குள் நான் பிறந்திருக்கிறேன் என்பதில் அப்படியொரு பூரிப்பு!

2006இல் அதைக் கோள் பட்டியலிலிருந்து எடுத்தபோது எனக்குப் பெரிய வருத்தமில்லை. 2015இல் நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் அனுப்பிய படங்களில் நைட்ரஜன் பனிச் சமவெளியையும், பாறைபோல் இறுகிய தண்ணீர்ப் பனி மலைகளையும் பார்த்தபோது மாமாவின் பின்வாசல்தான் கண்ணில் நின்றது.

நெப்டியூனும் புளூட்டோவும் மோதிக்கொள்ளாதா என்று அன்றைக்கு அக்கா கேட்டாள். புளூட்டோவின் பாதை 17 டிகிரி சாய்ந்தது என்று உள்ளங்கையைச் சாய்த்துக் காட்டினார் மாமா. அதோடு விடவில்லை. அக்காவை நெப்டியூன் கோட்டிலும் என்னைப் புளூட்டோ கோட்டிலும் நடக்கவிட்டார். நான் இரண்டு சுற்று முடிப்பதற்குள் அவள் மூன்று சுற்று முடிக்க வேண்டும். நான் உள்ளே நுழையும்போதெல்லாம் அக்கா ஒருமுறை இடப்பக்கம், மறுமுறை வலப்பக்கம், எட்டத்தில்தான் இருந்தாள்.

தனக்கு மட்டும் ஏன் ஒரு சுற்று அதிகம் என்று அவள் சண்டைக்கு வந்தாள். அவன் பாதை பெரிசு என்று மாமா சமாதானம் சொன்னார். அக்கா இரண்டு கோடுகளையும் அடியடியாக அளந்து, மூன்று சுற்றும் சேர்ந்தால் தன் நடைதான் அதிகம் என்று நிரூபித்துவிட்டாள்.